மஞ்சள் குஞ்சுகளுக்கு ஒரு துணை

கருப்பசாமிக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் மனுஷன் அடிக்கவே வந்துவிடுவார். "எனக்கா? அந்தத் தளிக்காரப் பய மேலயா? அவன் மூஞ்சிக்கா?" என்று மூச்சுவிடாமல் கேட்பார். கேட்கிற வேகத்திலேயே பதில் இருக்கும். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் அவர் தங்கியிருந்த மாடி ரூமுக்கு மாதேஷ் என்கிறவன் முதன்முதலாகப் படியேறி வந்தானே, அன்றைக்கு வயிற்றில் பற்றிக்கொண்ட நெருப்பு. அது அணையவே இல்லை.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கருப்பசாமிக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஓசூர் சிப்காட்டில் வண்டிச் சாமான் செய்கிற கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வயது நாற்பதைத் தொட்டாயிற்று. கல்யாணம் தட்டித் தட்டிப் போய், கடைசியில் தரகரே போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். அவரோடு அந்த ரூமில் தங்கியிருந்தவன் கௌதம். மத்தூர்ப் பையன், அதே கம்பெனியில் அசெம்பிளி லைன். ஆறேழு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே கூரை. சமையல் கருப்பசாமி, பாத்திரம் கௌதம். ஞாயிற்றுக்கிழமை ஒரே வண்டியில் போய்க் கறி எடுத்து வருவார்கள். பையனுக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்தபோது லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊற்றியவர் கருப்பசாமிதான். "உங்க தம்பிங்களா?" என்று யாராவது கேட்டால் "ஆமா" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சந்தோஷமாகத் திரிவார். ஓசூரில் அவருக்கு வீடு, வாசல், சொந்தம், பந்தம் எல்லாமே அந்தப் பயல்தான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கௌதமிடமும் சொன்னதில்லை. கோளாறே அங்கேதான்.

மாதேஷ் லைனுக்குப் புதிதாக வந்தவன். தளிப் பக்கம் கோஸும் காலிஃப்ளவரும் போடுகிற குடும்பம். வாயைத் திறந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்துகட்டி வரும். கௌதமுக்கும் வீட்டில் தெலுங்கு. இருவரும் அதில் இறங்கிவிட்டால் கருப்பசாமிக்கு ஒரு மண்ணும் விளங்காது. இத்தனை வருஷம் ஓசூரில் குப்பை கொட்டியும் அவர் கற்றுக்கொண்டது 'எஷ்டு' என்கிற ஒரே ஒரு கன்னட வார்த்தை, அதுவும் மார்க்கெட்டில் விலை கேட்க. நடுவில் அவர்கள் சிரித்தால் தன்னைத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைப்பார். "அது ஒண்ணுமில்லண்ணா, லைன்ல நடந்த கூத்து" என்று கௌதம் தமிழில் விளக்கிச் சொல்வான். விளக்கினால் இன்னும் எரியும். விருந்தாளிக்குத்தானே விளக்குவார்கள்?

ஒரு நாள் மாதேஷ் தோட்டத்துக் காலிஃப்ளவரைக் கோணிப்பையில் கொண்டுவந்தான். கருப்பசாமி அதைச் சுத்தம் செய்து, மிளகு தட்டிப் போட்டு வறுத்து வைத்தார். கௌதம் ஒரு வாய் வைத்துவிட்டு, "காலிஃப்ளவர்னா இதுதான்டா மாதேஷ்!" என்றான். வெங்காயம் உரித்துக் கண் எரிந்தது யாருக்கு, பாராட்டு யாருக்கு? முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு ஒசத்தி என்று சும்மாவா சொன்னார்கள். கருப்பசாமி அன்று பசியில்லை என்று படுத்துவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் மீன் வந்து சேர்ந்தது.

கௌதமும் மாதேஷும் பெங்களூருக்குப் போய் மூன்றடித் தொட்டி ஒன்றும், அதில் விட ஆறு மஞ்சள் குஞ்சுகளும் வாங்கி வந்தார்கள். சிக்லிட் என்று பேராம். ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஓர் ஏரி இருக்கிறதாம், அந்த ஏரி மீனாம். சும்மா சொல்லக் கூடாது, குஞ்சுகள் எலுமிச்சம்பழ நிறத்தில் கண்ணைப் பறித்தன. கருப்பசாமிக்கும் பிடித்துத்தான் போயிற்று. ஆனால் யார் கூடப் போய் வாங்கியது? அதனால் அவர் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்.

"ஏலே, இங்க போர்த் தண்ணி வாளியில வெள்ளையாப் படியுது. இதுலயா மீன் வளக்கப் போற?"

பதில் கௌதமிடமிருந்து வரவில்லை, மாதேஷிடமிருந்து வந்தது. "இந்த மீனுக்கு இந்தத் தண்ணிதாண்ணா வேணும். அந்த ஏரித் தண்ணியும் இப்படித்தான். நாம குடிக்கிற கேன் தண்ணியை ஊத்தினா வாடிப்போயிரும்."

"அப்படியா!" என்று கௌதம் வாய்பிளந்தான். கருப்பசாமி வெடுக்கென்று எழுந்து போய்ச் சோற்றுப் பானையைப் பார்த்தார். சோறு ஏற்கெனவே வடித்திருந்தது.

அன்றைக்கே மாதேஷ் இன்னொன்றும் சொன்னான். ஆறு குஞ்சு மட்டும் இருந்தால் அதில் ஒன்று பெரிய ஆளாகி மற்றதை ஓட ஓட விரட்டும். இன்னும் கொஞ்சம் மீன் விட வேண்டும். கூட்டம் இருந்தால் அடி பங்காகிவிடும், ஒருத்தன் தலையிலேயே விடியாது. அதற்காகக் கண்டதையும் விடக் கூடாது. கப்பி, கோல்டு ஃபிஷ் எல்லாம் விட்டால் கடித்தே கொன்றுவிடும். அதே ஏரி மீனாக, சாதுவாக, இதுகளோடு ஒத்த வயசாகப் பார்த்து விட வேண்டும்.

"வயசா?" கருப்பசாமி அடுப்படியிலிருந்தே சிரித்தார். "மீனுகிட்டப் போயி பர்த் சர்ட்டிஃபிகேட் கேப்பியோ? சைஸ் ஒண்ணா இருந்தாப் போதும்லே. சைஸ்தான் கணக்கு."

"சைஸ் மட்டும் பாத்தா மாட்டிக்குவோம்ணா" என்றான் மாதேஷ். மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதைதான் கருப்பசாமிக்கு ஆகவில்லை. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

அடுத்த வாரம் மாதேஷ் இரண்டு குஞ்சு கொண்டுவந்தான். இரும்பில் துரு ஏறினால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். பரம சாது. வந்த வேகத்தில் மஞ்சள்களோடு சேர்ந்து ஒன்றாகத் தீனி தின்ன ஆரம்பித்துவிட்டன. கௌதம் தொட்டி முன்னாலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அப்படி உட்கார்ந்தபடிதான், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், அந்த வெடிகுண்டைப் போட்டான்.

"ண்ணா, மாதேஷ் மத்திகிரில ஒரு வீடு பாத்துனு இருக்கான். ரெண்டு ரூம். கூட வர்றியாடான்னு கேக்கறான்."

கருப்பசாமிக்குக் கையில் இருந்த கரண்டி நின்றது. "நீ என்ன சொன்ன?"

"யோசிக்கிறேன்னு சொன்னேன்."

யோசிக்கிறானாம்! இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'எங்க அண்ணனை விட்டுட்டு வர மாட்டேன்' என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? கருப்பசாமி அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. "போ, போ. அங்க போனா காலிஃப்ளவரா தின்னலாம்" என்று மட்டும் சொன்னார். கௌதம் சிரித்தான், அண்ணன் தமாஷ் பண்ணுகிறார் என்று.

அந்த வாரம் முழுக்க அவருக்கு வேலையே ஓடவில்லை. ஓர் ஆள் பையனைக் கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறான், அதுவும் எதை வைத்து? இத்துனூண்டு மீனை வைத்து! சரி, மீன்தானே வேண்டும்? மீனிலேயே ஜெயித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். வார லீவன்று குளித்து, நல்ல சட்டை போட்டு, பாகலூர் ரோட்டில் இருக்கும் கங்கப்பன் மீன் கடைக்குப் போனார். போகும்போது சட்டைப் பையில் சொந்த வெர்னியரையும் எடுத்துக்கொண்டார். அதான், இரும்புச் சாமானின் தடிமன் அளப்பார்களே, அந்தக் கருவி. தொட்டியில் இருக்கும் மஞ்சள் குஞ்சுகளைக் கண்ணாடிக்கு வெளியே வைத்தே காலையில் அளந்து மனசில் போட்டு வைத்திருந்தார். ஊர் உலகத்தில் மீன் வாங்க வெர்னியரோடு போனவர் அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். பன்னிரண்டு வருஷம் குவாலிட்டியில் நின்றவருக்கு அளவு சரியாக இருந்தால் எல்லாம் சரி. அளவு சரியென்றால் பாஸ், இல்லையென்றால் ரிஜெக்ட். அதற்கு மேல் உலகத்தில் ஒன்றும் கிடையாது.

கடையில் ஓரமாக ஒரு சின்னத் தொட்டி. அதில் தன்னந்தனியாக ஒரு நீல மீன். உடம்பில் கறுப்புக் கோடு, கோடுகளுக்கு நடுவே பாட்டில் மூடி போலப் பளீரென்ற நீலம். ஜீப்ரா என்றார் கங்கப்பன். அதுவும் மலாவி மீன்தான். கருப்பசாமி குனிந்து வெர்னியரைக் கண்ணாடி மேல் வைத்து அளந்தார். மஞ்சள் குஞ்சு என்ன அளவோ அதே அளவு. ஒரு மயிரிழை கூடக் குறைய இல்லை.

"நல்லாக் கண்ணு முழி பெருசா, லட்சணமா இருக்குல்ல?" என்றார் கருப்பசாமி.

"ரொம்ப நாளா இந்தத் தொட்டியிலயே கிடக்குது சார்" என்றார் கங்கப்பன்.

ஐயா கோட்டை விட்ட இடம் இதுதான். சின்னத் தொட்டியிலேயே கிடந்த மீனுக்கு உடம்பு வளராது. கண் மட்டும் வளரும். குஞ்சுக்கு இருக்க வேண்டிய உடம்பில் கிழட்டுக் கண் முழித்துக்கொண்டு நிற்கும். அந்த அளவில் குஞ்சுக்கு அவ்வளவு நீலமும் வராது, வயசான ஆண் மீனுக்குத்தான் வரும். ஆக அது குஞ்சே இல்லை, வளர வழியில்லாமல் நின்றுபோன முரட்டுக் கிழம். கடைக்காரர் பாதி உண்மையைச் சொல்லியும்விட்டார். கருப்பசாமி காதில் அது எப்படி விழுந்தது? 'ஓ, தொட்டிக்கு நல்லாப் பழகினது' என்று விழுந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, பாலித்தீன் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

கௌதம் பையைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தான். "எனக்காண்ணா? நீங்களே போய் வாங்கினீங்களா?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கருப்பசாமி எத்தனையோ மாசமாகப் பார்க்கவில்லை. சாயங்காலம் மாதேஷ் வந்தான். தொட்டி முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். "கலர் நல்லா இருக்குண்ணா" என்றான். அவ்வளவுதான். கௌதம் அவனை வழியனுப்பக் கீழே இறங்கிப் போய்வந்தான். கருப்பசாமி அன்று முட்டை வறுத்து, ரசம் வைத்து, இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். மாதேஷ் மூஞ்சி சுண்டைக்காயாகச் சுருங்கிப்போனதை நினைத்து நினைத்துச் சிரித்தார். மறுநாள் கௌதம் எங்கிருந்தோ ஒரு சாக்கு நிறையக் கல் கொண்டுவந்து தொட்டிக்குள் பொந்து பொந்தாக அடுக்கினான். தான் வாங்கிக் கொடுத்த மீனுக்கு மாளிகை கட்டுகிறான் என்று கருப்பசாமிக்கு ஒரே பூரிப்பு.

பூரிப்பு நாலு நாள் நின்றிருந்தால் அதிகம். முதலில் ஒரு மஞ்சளுக்கு வால் கிழிந்தது. அப்புறம் ஒன்று மேல்மூலையில் ஒடுங்கி நின்று தீனிக்கே வரவில்லை. ஒரு பகலில், கௌதம் வேலைக்குப் போயிருந்தபோது, இவருக்கு நைட் ஷிஃப்ட் ஆனதால் ரூமில் இருந்தார். தொட்டி முன்னால் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தவர் கண்ணெதிரிலேயே அது நடந்தது. நீலம் ஒரு பொந்திலிருந்து அம்பு மாதிரி வந்தது. ஒடுங்கி நின்ற மஞ்சளை விலாவில் முட்டிற்று. திரும்பி வந்து முட்டிற்று. மறுபடியும் முட்டிற்று. துருக்கலர் இரண்டும் பயந்துபோய்க் கல்லுக்கு அடியில் பதுங்கிக் கிடந்தன. டீ ஆறுவதற்குள் மஞ்சள் மல்லாந்துவிட்டது.

கருப்பசாமி டம்ளரைக் கீழே வைத்தார். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கங்கப்பன் கடைக்கு ஓடினார். "அது குஞ்சு இல்ல சார், கிழடு. நான்தான் ரொம்ப நாளாக் கிடக்குதுன்னு சொன்னேனே. குஞ்சுங்களோடவா விட்டீங்க? அடப் பாவமே!" என்று கங்கப்பன் தலையில் அடித்துக்கொண்டார். கொண்டுவந்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். வழி இருந்தது, பார்த்தீர்களா? திரும்பி வந்து, ஒரு வலையைப் போட்டு, நீலத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டிருக்கலாம். ஆனால் எடுத்துக்கொண்டு போனால் கௌதம் ஏன் என்று கேட்பானே. 'சைஸ் மட்டும் பாத்தா மாட்டிக்குவோம்ணா' என்று சொன்னவன் சிரிப்பானே. கருப்பசாமிக்கு அந்தச் சிரிப்புதான் கண்ணில் நின்றது, செத்த மீன் நிற்கவில்லை.

சாயங்காலம் கௌதம் வந்தான். மல்லாந்து கிடந்ததைக் கையில் ஏந்தி எடுத்தான். கண் கலங்கிவிட்டது. "எதுண்ணா கடிச்சுது? நீங்க ரூம்லதானே இருந்தீங்க?"

"இருந்தேன். அந்தத் துருக்கலர்தான்" என்றார் கருப்பசாமி.

கௌதம் நிமிர்ந்து பார்த்தான். "மாதேஷ் கொண்டாந்ததா? நல்லாப் பாத்தீங்களாண்ணா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்லே. பன்னண்டு வருஷம் குவாலிட்டியில இருக்கவன் கண்ணு பொய் சொல்லுமா? சாதுன்னு சொல்லிச் சொல்லி விஷத்தைக் கொண்டாந்து விட்டுருக்கான் உன் சிநேகிதன்."

கௌதம் செத்த மீனை ஒரு காகிதத்தில் வைத்தான். பிறகு வலையைப் போட்டுத் துருக்கலர் இரண்டையும் பிடித்து ஒரு டப்பாவில் விட்டு எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது டப்பா காலி. மாதேஷ் அதற்கப்புறம் ரூமுக்கு வரவில்லை. மத்திகிரி வீட்டுப் பேச்சும் அடிபடவில்லை. கருப்பசாமி ஜெயித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து, பையனுக்குப் பிடித்த ஈரலை அவன் தட்டிலேயே போட்டார். அவன் தட்டைப் பார்த்தபடி தின்றான். சொந்த ரூமில் யாரோ இறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் கருப்பசாமிக்கு அது பரவாயில்லை. பேசாமல் இருந்தாலும் இங்கேதானே இருக்கிறான்.

துரு போன பிறகும் மஞ்சள் சாவது நிற்கவில்லை. போகப்போக மோசமாயிற்று. முன்னே எட்டுப் பேருக்குப் பங்கான அடி இப்போது நாலைந்து பேர் மேலேயே விழுந்தது. ஒரு காலையில் இன்னொன்று மிதந்தது, அதற்கடுத்து இன்னும் ஒன்று. கருப்பசாமி ஷிஃப்ட் முடிந்து வரும்போது கௌதம் தொட்டி முன்னால் நின்றிருந்தான். திரும்பாமலே கேட்டான்.

"இப்ப எதுண்ணா கடிக்குது?"

கேட்ட தொனியிலேயே ஒரு கதவு திறந்திருந்தது. கோபமாகக் கேட்கவில்லை. கெஞ்சுகிற மாதிரி கேட்டான். கருப்பசாமிக்கே அது தெரிந்தது. சொல்லித் தொலைத்துவிடலாமா என்று ஒரு கணம் வாய் துடித்தது.

"கடிக்கலலே. இது நோய். அவன் மீனு கொண்டாந்து விட்ட நோய், தண்ணியில தங்கிருச்சு. நான் அப்பவே நெனச்சேன்."

கௌதம் தலையை ஆட்டினான். குளித்தான். பிளாஸ்டிக் வாளியில் தொட்டித் தண்ணியை மொண்டு, உயிரோடு இருந்த மஞ்சள் குஞ்சுகளை அதில் விட்டான். அப்புறம் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துணிமணிகளை அடுக்க ஆரம்பித்தான்.

"எங்கலே?"

"மத்திகிரிக்குண்ணா."

"அவன்கூடயா? இவ்வளவு பண்ணினவன்கூடயா?"

கௌதம் பெட்டியை மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். குரல் உயரவில்லை. "ண்ணா, நீங்க நீலத்தை வாங்கினு வந்த அன்னைக்கே மாதேஷ் சொல்லிட்டான். கீழ படியில நின்னு சொன்னான். இது குஞ்சு இல்ல, கிழடு, எல்லாத்தையும் கொன்னுரும், இப்பவே எடுத்துருன்னான். நான்தான் வாயை மூடுறான்னேன். எங்க அண்ணன் எனக்குன்னு ஆசையா வாங்கினு வந்துருக்காரு, அவருக்குத் தெரியவே கூடாதுன்னேன். கல்லு நிறைய வெச்சா பொழைச்சுக்கும்னு அவன்தான் கல்லு குடுத்தான். நீங்களே பாத்துட்டு எடுத்துருவீங்கன்னு தினமும் பாத்துனு இருந்தேன். மீனு போனா மயிரே போச்சுண்ணா, வேற வாங்கலாம். பாத்தேன், பாத்தேன்னு அவன் தலையில தூக்கிப் போட்டீங்களே. ஒரு தரம்னா கூட விட்டுருப்பேன்."

அவ்வளவு சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போக எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தான். 'தப்புப் பண்ணிட்டேன்லே, போகாத' என்று சொன்னால் போதும், பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விடும். அது கருப்பசாமிக்கும் தெரிந்தது. வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் பாழாய்ப்போன மனசு, அதற்குள் அவன் சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கிவிட்டது. படியில் நின்று பேசியிருக்கிறார்கள். இரண்டு பேரும். இவர் மேலே ரசம் வைத்துக்கொண்டிருக்கும்போது.

"அப்போ ரெண்டு பேருமா எனக்குத் தெரியாமப் பேசி வச்சிருந்தீங்களா?" என்று கத்தினார். "என்னையப் பத்தி? அவன்கிட்டயா?"

கௌதம் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அணைந்துவிட்டது. எழுந்தான். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் வாளி. தண்ணி சிந்தாமல் பார்த்துப் பார்த்துப் படியிறங்கிப் போனான்.

கீழே மாதேஷ் வண்டியை முறுக்குகிற சத்தம் கேட்டது. கருப்பசாமி ஜன்னலுக்கு ஓடினார். தெரு முனை திரும்புவதற்குள், பயல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா இல்லையா என்று பார்த்துவிட வேண்டும் அவருக்கு.